தூவாக்குறிச்சியில் நிற்காத ரயில்

இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா என்று சந்தேகப்படுகிறவர்கள் எங்கள் ஊருக்கு ரயிலிலேயே வந்து பார்த்துக்கொள்ளலாம். இறங்கத்தான் முடியாது, வண்டி நிற்காது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தூவாக்குறிச்சி ரயிலுக்காகக் கல் நட்ட ஊர். ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் தொப்பி போட்டவர்கள் வந்து, டேப் பிடித்து அளந்து, தேங்காய் உடைத்து, வரிசையாகக் கல் நட்டுவிட்டுப் போவார்கள். தேர்தல் முடிந்ததும் அந்தக் கற்களில் ஒன்றில் நாங்கள் துணி துவைப்போம், ஒன்றில் மாடு கட்டுவோம், ஒன்றுக்கு யாரோ மஞ்சள் பூசி வேப்பிலை செருகியதில் அது கல்மாடசாமியாகி வருஷத்துக்கு ஒரு கிடா வாங்கிக்கொண்டிருக்கிறது. வராத ரயிலுக்கு எங்களளவு மரியாதை செய்த ஊர் வேறு இருக்க முடியாது. ஆகவே, ஒரு காரியம் இந்த ஜென்மத்தில் நடக்காது என்று சொல்ல எங்கள் ஊரில் யாரும் வாய் வலிக்கப் பேசுவதில்லை. 'ரயில் வரட்டும்' என்றால் போதும். பெண் கேட்டு வந்தவனுக்கும் அதே பதில், கைமாற்றுக் கேட்டு வந்தவனுக்கும் அதே பதில்.

இந்த ஊரில் குற்றாலிங்கம் என்று ஒருவர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அடுத்தவர் கண்ணுக்கு எழுத்துத் தெரியவைப்பது பகல் வேலை என்றால், யார் கண்ணுக்கும் தெரியாத எழுத்தை எழுதுவது அவருடைய சாயங்கால வேலை. வீட்டு மாடி அறையில், சுவரிலிருந்து சுவர்வரை ப்ளைவுட் மேஜை போட்டு, அதன்மேல் ஒரு ரயில் பாதை கட்டியிருந்தார். நிஜத்தில் எண்பத்தேழு அடி இருப்பது அந்த மேஜையில் ஒரே அடி. தெர்மாகோலை அறுத்து மலை. மரத்தூளுக்குச் சாயம் போட்டுப் புல். பூளைப்பூக் காம்பைப் பச்சையில் முக்கினால் வேப்பமரம். வடைக்கடை நாகூர் மீரான் டீ வடித்துவிட்டுத் தினமும் கொட்டுகிற டீத்தூளைக் கேட்டு வாங்கி, மாடியில் காயவைத்து, பசை தடவித் தூவினால் அச்சு அசல் எங்கள் ஊர்ச் செம்மண்.

ஊர் அதைக்கூடப் பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாமல் போனது அவர் அழுக்கு செய்கிற வேலையைத்தான். வெளியூரிலிருந்து பளபளவென்று வாங்கிவந்த பெட்டியை மனுஷன் லென்ஸ் மாட்டிக்கொண்டு, மூன்றே மயிர் உள்ள தூரிகையால், ஜன்னலுக்குக் கீழே வெற்றிலை எச்சில், படிக்கட்டில் துரு, கூரையில் காக்கா எச்சம் என்று ஒவ்வொன்றாக வரைந்து நாசமாக்குவார்.

"அண்ணாச்சி, அழுக்காக்கணும்னா எங்கிட்ட குடுங்க, என் மக பத்தே நிமிஷத்துல முடிச்சுத் தருவா" என்பார் மீரான்.

"உம்ம மக பண்ணுறது அழுக்கு பாய். இது வேலைப்பாடு" என்பார் குற்றாலிங்கம்.

அவர் மனைவி செண்பகவடிவு இருபது வருஷம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடி அறை போனபோது ஒன்றும் சொல்லவில்லை. நெல் வைக்கிற மச்சு போனபோதும் சொல்லவில்லை. அவளுடைய நல்ல பட்டு ஜாக்கெட்டின் ஜரிகை ரயிலுக்குத் திரைச்சீலையாகிப் போனபோது மட்டும் சொன்னாள், அதுவும் சாப்பாட்டில் உப்பு வழியாக. ஆனால் அம்பாசமுத்திரத்தில் அவள் அண்ணன் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சிய காலையில் கதை வேறாகிவிட்டது. சேலை கட்டி, சீர்த்தட்டு கட்டி, வாசலில் கார் நிற்க, அவள் மாடிக்கு வந்து பார்த்தால், மனுஷன் லுங்கியோடு மேஜைமேல் குனிந்திருக்கிறார். மூன்றாவது பெட்டிக்குள் அபாயச் சங்கிலி மாட்டிக்கொண்டிருக்கிறார். தலைமயிரைவிட மெலிசான செம்புக்கம்பியை முறுக்கி, கண்ணி கண்ணியாகக் கோத்து, பிடி வைத்து, பிடிக்குச் சிவப்பு அடித்து, இழுத்தால் நிஜமாகவே பிரேக்கில் போய்ச் சேரும்படி.

"ஒரு அஞ்சு நிமிஷம் வடிவு."

"அத்தான், அங்க பால் பொங்கிரும்."

"பிடி மட்டும் காஞ்சிரட்டும்."

"கூரையைப் போட்டு மூடிட்டா இது வெளியவே தெரியாதே. இதை யாரு பாக்கப்போறா?"

"யாரும் பாக்க மாட்டாங்க" என்றார் அவர், ஏதோ பெருமையான விஷயத்தைச் சொல்வதுபோல.

வடிவு தனியாகப் போனாள். அங்கே பால் பொங்கி முடிந்திருந்தது. நாத்தனாரான இவளுக்கென்று ஒரு வாய் பாலைப் பாத்திரத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்கள், ஆடை படிந்து. 'மாப்பிள்ளைக்கு அங்க ரயிலு புறப்படுற நேரமாக்கும்' என்று அண்ணி சிரித்தாள். அன்று அங்கேயே தங்கிய வடிவு மறுநாளும் வரவில்லை, மறுவாரமும் வரவில்லை. குற்றாலிங்கம் போன் செய்து எப்போது வருகிறாய் என்று கேட்டதற்கு, எங்கள் ஊர்ப் பாஷையிலேயே பதில் சொன்னாள்.

"தூவாக்குறிச்சிக்கு ரயில் வரட்டும், வாரேன்."

வேறொருவராக இருந்தால் இதைக் கேட்டு ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரம் போயிருப்பார். குற்றாலிங்கம் மாடிக்குப் போனார். மேஜையின் இந்தக் கோடியில் தூவாக்குறிச்சி ஏற்கெனவே இருந்தது. அந்தக் கோடியில், மலைக்கு அப்பால், அம்பாசமுத்திரத்தைக் கட்ட ஆரம்பித்தார். ஸ்டேஷன், தண்ணித்தொட்டி, அதற்குப் பின்னால் மைத்துனரின் புதுவீடு, வீட்டு வாசலில் அரிசி அளவுக்குப் பால்பாத்திரம், அதில் பொங்கி வழிகிற பால் என்று எல்லாம் கட்டினார். சமாதானம் பேசுவதற்கு அந்த மனுஷனுக்கு இதைவிட வேறு பாஷை தெரியாது. கடைசியாக ப்ளைவுட் மேஜையிலிருந்து மாடிப்படியின் மேல்படிக்கு ஒரு பலகையைச் சாய்த்து வைத்தார். ஏன் வைத்தார் என்று கேட்டால், 'ஸ்டேஷன்னு இருந்தா வெளிய போற வழி வேணும்லா' என்பார்.

அவர் இட்லி தின்றுகொண்டிருந்த ஒரு காலையில், மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் சூட்கேஸும் கழுத்தில் துண்டுமாக, இன்னும் தூக்கம் கலையாத முகத்தோடு ஒருவர் இறங்கி வந்தார்.

"இங்க ஆட்டோ கிடைக்குமா?"

குற்றாலிங்கம் அவருடைய காலைப் பார்த்தார்.

"டீத்தூள் ஒட்டியிருக்கு பாரும். மிதியடியில துடைச்சிட்டு இறங்கும்" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து, அம்பாசமுத்திரத்தில் ஏறினவர்களை ஏற்றிக்கொண்டு, வண்டி வர ஆரம்பித்துவிட்டது. கட்டைவிரல் நகத்தளவு ஆட்கள் பிளாட்பாரத்தில் இறங்கி, பலகையில் நடந்து, மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்க இறங்க ஆளளவுக்கு வந்துவிடுவார்கள். பெட்டி படுக்கைகள்தான் கொஞ்சம் மந்தம். கடைசிப் படிவரை தீப்பெட்டியாகவே வந்து, தரையில் வைத்ததும் பொதுக்கென்று ஊதும். இங்கிருந்து ரயிலேறப் போகிறவர்கள் மட்டும் படியேறும்போது சிறுத்துக்கொண்டே போய், மேலே வாசலில் நின்று கையாட்டும்போது எறும்பு மீசையாட்டுகிற மாதிரி இருக்கும்.

முதல் நாள் ஊர் வாயைப் பிளந்தது. இரண்டாம் நாள் வண்டி ஏன் லேட் என்று கேட்டது. அந்த வாரம் முடிவதற்குள் குற்றாலிங்கத்தின் வாசலில் ஆட்டோ ஸ்டாண்டு வந்தது, ஸ்டாண்டுக்குச் சங்கம் வந்தது, சங்கத்துக்கு இரண்டு தலைவர்கள் வந்தார்கள். நாகூர் மீரான் தன் வடைச்சட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழேயே வந்துவிட்டார். தன் கடை டீத்தூளில் கட்டிய ஊருக்குத் தனக்கு இல்லாத உரிமையா என்றார், அதிலும் நியாயம் இருந்தது. காத்திருக்கிறவர்கள் குற்றாலிங்கத்தின் கூடத்தில் படுத்தார்கள், அவருடைய பாயில், அவருடைய தலையணையில். பிறகு மேலே வந்து, 'பாத்ரூம் சுத்தமில்லை, புகார் யாருகிட்ட சொல்லணும்?' என்று அவரிடமே கேட்டார்கள். அவர் இத்தனை வருஷம் தூரிகையால் வரைந்த வெற்றிலை எச்சிலை இப்போது எங்கள் ஆட்களே இலவசமாகத் துப்பிக் கொடுத்தார்கள். அளவு மட்டும் சரியாக இல்லை என்று அவர் வருத்தப்பட்டார்.

பேரூராட்சித் தலைவர் மந்திரமூர்த்தியின் ஃப்ளெக்ஸ் தெருவை அடைத்து நின்றது. 'தூவாக்குறிச்சிக்கு ரயில் கொண்டுவந்த தங்கமே' என்று எழுதி, ரயில் எஞ்சினைக் கையில் பிடித்தபடி தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழ் மூலையில், வாழ்த்துகிறவர்கள் வரிசையில், குற்றாலிங்கத்துக்கும் ஒரு படம் இருந்தது. எண்பத்தேழில் ஒன்று என்கிற அளவெல்லாம் அதற்குப் பெரிது.

அவருக்கு இதில் எதுவும் பொருட்டில்லை. வண்டி வந்த அன்றே போன் செய்துவிட்டார்.

"வடிவு, ரயிலு வந்துட்டு."

"கேள்விப்பட்டேன். அண்ணி சொன்னா. உங்க ரயிலா?"

"நம்ம ரயிலு."

"ஆடி மாசம்லா. ஆடி கழியட்டும். ஆவணி ஒண்ணாந்தேதி வாரேன்."

கல்யாணமாகி இருபது வருஷத்துக்குப் பிறகு ஆடிக்குப் பிறந்த வீட்டில் இருக்கிற பெண்பிள்ளை இந்த ஜில்லாவிலேயே தன் மனைவி ஒருத்திதான் என்று குற்றாலிங்கம் மீரானிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்து மீரான் ஒரு வடையைச் சும்மா கொடுத்தாராம். மீரான் சும்மா கொடுத்த ஒரே வடை அதுதான்.

ஆனால் ஆவணிக்கு முன்னால் ஆடி என்று ஒன்று இருக்கிறதே. ஆடிக்கொடைக்குப் பக்கத்து ஊரான வடக்குப்பாறையிலிருந்து வந்தவர்களில் ஒருவன் சாமி கும்பிட்ட கையோடு, 'உங்க ஊருக்கு வாறது பாசஞ்சர்தானே?' என்று கேட்டுவிட்டான். அவர்கள் ஊருக்கு அதுகூட இல்லை என்பதை எங்கள் ஆட்களில் யாரும் யோசிக்கவில்லை. 'தானே' என்றானே, அதுதான் உறுத்தியது. கொடை முடிவதற்குள் ஊர் கூடிவிட்டது. பாசஞ்சரை சூப்பர்ஃபாஸ்ட் ஆக்கும்வரை ரயில் மறியல்!

மறியல் செய்ய மேஜைமேல் உட்கார முடியாது, உட்கார்ந்தால் தெர்மாகோல் மலை போய்விடும். ஆகவே மந்திரமூர்த்தி தலைமையில் ஊரே மாடி அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு, ஆளுக்கொரு சுட்டுவிரலைத் தண்டவாளத்தின் குறுக்கே படுக்கவைத்தது. வண்டி வந்து விரல்களுக்கு முன்னால் நின்றது. உள்ளேயிருந்த பயணிகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு யார் மறியல் என்று சலித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

குற்றாலிங்கம் கூட்டத்துக்குள் நுழைந்து வந்தார். அவர் குரல் எப்போதுமே பெரிதாக எழும்பாது.

"தலைவரே, கொஞ்சம் யோசிக்கணும். சூப்பர்ஃபாஸ்ட்னு ஆயிட்டா வண்டி சின்ன ஊர்ல நிக்காது."

அறையில் அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். விரல்கள் மட்டும் தண்டவாளத்திலேயே இருந்தன.

"யாருவே சின்ன ஊரு?" என்றார் மந்திரமூர்த்தி.

அதோடு பேச்சு முடிந்தது. எங்கள் ஊரைச் சின்ன ஊர் என்று நிரூபிக்கப் புத்தி போதும், சொல்வதற்கு வேறொன்று வேண்டும். குற்றாலிங்கத்திடம் இருந்தது புத்தி மட்டும்தான். எஞ்சினில் 'சூப்பர்ஃபாஸ்ட்' என்று எழுத அவர் மாட்டேன் என்றார். தலைவர் ஃப்ளெக்ஸ் கடையில் ஸ்டிக்கர் அடித்து வரச்செய்து, நாதஸ்வரத்தோடு ஒட்டினார். எழுத்தின் பருமனில் எஞ்சின் டிரைவரின் ஜன்னல் மூடிப்போனது. அதனால் ஒன்றும் குறையவில்லை, எதைப் பார்க்கப்போகிறார் அவர்.

மறுநாள் காலையில் ஊரே படியில் நிற்க, வண்டி மலையின் இந்தப் பக்கமாக வளைந்து வந்து, ஊதி, தூவாக்குறிச்சி பிளாட்பாரத்தைத் தொட்டு, டீத்தூளெல்லாம் எழும்பிப் பறக்க, நிற்காமல் போய்விட்டது.

பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். "பாத்தியாலே வேகத்த! வடக்குப்பாறைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டணும்." காட்டினார்கள். வடக்குப்பாறைக்காரர்கள் கும்பலாக வந்து, வண்டி எங்கள் ஊரில் நிற்காமல் போகிற அழகைப் பார்த்து, பொறாமையில் கறுத்துத் திரும்பிப் போனார்கள். ஆட்டோக்கள் வேறு பிழைப்புப் பார்க்கப் போய்விட்டன. மீரான் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு வடை விற்றார். எங்கள் ஊரில் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் போன அந்த நாட்களைப்போல நாங்கள் தலைநிமிர்ந்து நடந்த நாட்கள் இல்லை.

குற்றாலிங்கம் மட்டும் வண்டியை நிறுத்தச் செய்யாததில்லை. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார். கரண்டுக்கு ஓடுவது பொம்மைதான், இது எப்போதோ பொதுமக்கள் வண்டியாகிவிட்டது. அம்பாசமுத்திரத்தில் அது நின்ற நேரத்தில் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார். ஒருதடவை ஏறிய அந்தஸ்து எதுவும் எங்கள் பக்கத்தில் கீழே இறங்கிய வழக்கமில்லை, வண்டி அதே வேகத்தில் போனது. வடிவுக்குப் போன் செய்தார்.

"வடிவு, பேசாம பஸ்ல வந்திரேன்."

"பஸ்ல வாரதுன்னா நான் என்னைக்கோ வந்திருப்பேனே அத்தான். ரயிலு வந்தா வாரேன்னேன். ரயிலு வந்துட்டுன்னு நீங்க சொன்னீங்க. அண்ணியெல்லாம் ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்பப்போறா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கேட்டுக்கோங்க. ஏறிப்போயி, இறங்க முடியாம ஒரு சுத்துச் சுத்தி இவ முன்னாலயே வந்து நான் நின்னேன்னா, அதுக்கப்புறம் எந்த முகத்தோட கிளம்புவேன்? அத்தோட முடிஞ்சுபோவும்."

ஆவணி ஒன்றாம் தேதி காலையில் குற்றாலிங்கம் குளித்து, வெள்ளைவேட்டி கட்டி, லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு மேஜை ஓரத்தில் நின்றார். எங்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டிருந்ததால், நிற்காத வண்டியில் அவர் மனைவி நிற்காமல் போவதைப் பார்க்க மந்திரமூர்த்தி உட்பட எல்லோரும் வந்திருந்தோம்.

வண்டி வந்தது. கடைசிப் பெட்டி, பெண்கள் பெட்டி, ஜன்னலோரம் வடிவு. பச்சைச் சேலை, மடியில் ஒரு கூடை. லென்ஸ் இல்லாத எங்களுக்கு ஒரு பச்சைப் புள்ளிதான், அவர்தான் மூச்சை இழுத்துப் பிடித்தார். வண்டி பிளாட்பாரத்தை உரசிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

"கையால தூக்கிரும் அண்ணாச்சி!" என்று கத்தினார் மீரான்.

"உள்ள ஆளு இருக்கு பாய்!"

அவர் மேஜையோரமாக வண்டியோடு நடக்க ஆரம்பித்தார், பிறகு ஓடினார். சத்தம் போட்டால் பெட்டி ஆடும் என்பதால், கடைசி ஜன்னலுக்கு நேராக வாயை வைத்து, ரகசியம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே ஓடினார்.

"வடிவு, நீ இருக்கிற பெட்டியில சங்கிலி கிடையாது. இதுல வெறும் பெயிண்டு. மூணாவது பெட்டிக்குப் போ. மூணாவது. நடுவாசல் பக்கத்துல, ஜன்னலுக்கு மேல. சிவப்புப் பிடி. அன்னைக்கு நான் மாட்டிக்கிட்டிருந்தேன்லா, அதுதான். அதுல மட்டும்தான் இருக்கு. போ, மலை வந்திரும்."

பச்சைப் புள்ளி ஜன்னலிலிருந்து மறைந்தது. ஏழாவது பெட்டியில் தெரிந்தது. ஆறாவதில் யாரோடோ சண்டை போட்டது, வழியில் சூட்கேஸை வைத்திருந்தார்களாயிருக்கும். ஐந்து. நான்கு. எஞ்சின் தெர்மாகோல் மலையின் குகைக்குள் நுழைந்தது. ஒன்றாவது பெட்டி நுழைந்தது, இரண்டாவது நுழைந்தது, மூன்றாவதும் நுழைந்தது, மொத்த வண்டியையும் மலை விழுங்கியது. மலைக்கு அந்தப்பக்கம் அம்பாசமுத்திரம்.

குற்றாலிங்கம் மலைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். அவர் கட்டிய மலைதான், அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அவரே ஒரு ஓட்டை வைத்திருக்கவில்லை.

எஞ்சின் அந்தப்பக்கம் வரவில்லை.

கிறீச்சென்று ஒரு சத்தம், கொசு கத்தினமாதிரி. அப்புறம் மலைக்குள் பலபேர் ஒரே நேரத்தில் பேசுகிற இரைச்சல். "யாரும்மா இழுத்தது?" என்று ஒரு குரல். அதற்கு ஒரு பெண்குரல் சொன்ன பதில் எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை, ஆனால் கேட்டவன் திரும்பப் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் குகையின் இந்தப்பக்க வாயிலிருந்து ஒரு பச்சைப் புள்ளி கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தண்டவாளத்தின் நடுவிலேயே நடந்து வந்தது. பின்னால் வண்டி ஊதிக்கொண்டு தன் வழியே போனது.

"நம்ம ஊர்ல சூப்பர்ஃபாஸ்ட் நின்னுட்டு!" என்று மந்திரமூர்த்தி போனை எடுத்துவிட்டார். "ஏலே, ஃப்ளெக்ஸ் அடி. 'நிறுத்தம் பெற்றுத்தந்த'ன்னு போடு. ஆமா, என் படம்தான். பெருசா."

வடிவு பலகையில் ஏறினாள். படியில் இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, முதலில் சேலையின் கரை தெரிந்தது, பிறகு மூக்குத்தி தெரிந்தது, பிறகு கோபம் தெரிந்தது. எங்களைத் தள்ளிக்கொண்டு குற்றாலிங்கம் முன்னால் ஓடிப்போய்ப் படிக்குக் கீழே தரையில் நின்றார். அவள் கடைசிப் படியில் நின்று உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். குறுக்கே சிவப்பாக ஒரு கோடு, கண்ணி கண்ணியாகப் பதிந்திருந்தது.

"கெட்டியாத்தான் மாட்டியிருக்கீங்க" என்றாள்.

குற்றாலிங்கம் லென்ஸைக் கழற்றத் தோன்றாமல் அதன் வழியாகவே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஃபேன் சுத்துது. சீட்டுல கிழிசல் போட்டு உள்ள பஞ்சு வச்சிருக்கீங்க. மேல் பெர்த்துல எவனோ ஒருத்தன் பேரு கீறிவச்சிருக்கான், அதைக்கூட எழுதியிருக்கீங்க. அம்புட்டும் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கூடையைத் தரையில் வைத்தாள். அது பொதுக்கென்று ஊதியது. "ஆனா கக்கூஸ்ல தண்ணி வரல அத்தான்."

"அது..." என்று தயங்கினார் அவர். "கதவு மூடியிருக்கும்லா. யாரு பாக்கப்போறான்னு விட்டுட்டேன்."

"நான் பார்த்தேன்" என்றாள் வடிவு. மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு, கூடத்தில் அவளுடைய தலையணையில் படுத்திருந்தவனைக் காலால் நெம்பி எழுப்பிவிட்டு, அடுக்களைக்குள் போனாள்.

அவர் மெதுவாக மாடியேறினார், தூரிகையையும் ஒரு சொட்டுத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு.

"அத்தான், காப்பி குடிச்சிட்டுப் போங்க!" என்று கீழேயிருந்து சத்தம் கேட்டது.

அஞ்சு நிமிஷம் என்று சொல்ல வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டு இறங்கி வந்தார்.